லைட் செயின் பரிசோதனையில் மாற்றம்: காரணங்களும் அடுத்த படிகளும்

கார்த்திகைத் தீபத்துக்குச் சில நாட்கள் முன்பு, ஒரே காலையில் இரண்டு குடும்பத்தினர் ஒரே பெயருள்ள பரிசோதனை அறிக்கையுடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்தனர். (அவர்களின் அடையாளங்கள் இங்கே மாற்றப்பட்டுள்ளன.)

முதலாமவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், வயது 66. இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோய் உள்ளவர். அவருடைய அறிக்கையில் கப்பா 62, லாம்டா 48 என்று இருந்தது. இரண்டு எண்களும் தடித்த எழுத்தில் அச்சாகி, அருகே ‘மிகுதி’ என்ற குறியும் இருந்தது. அவருடைய மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, இது ரத்தப் புற்றுநோய் என்று முடிவு செய்திருந்தார். “மூன்று நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, டாக்டர்” என்றார்.

இரண்டாமவர் செங்கம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த விவசாயக் குடும்பத்துப் பெண், வயது 58. ஐந்து மாதமாக முதுகுவலி. கடையில் வாங்கிய வலி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தார். அவருடைய அறிக்கையில் கப்பா 8, லாம்டா 1,240. உடன் வந்த மகளுக்குப் பெரிய கவலை இல்லை. “ஒன்று சரியாகத்தானே இருக்கிறது, ஐயா? இன்னொன்றுக்கு மாத்திரை எழுதிக் கொடுங்கள். அறுவடை முடிந்ததும் மறுபடி வருகிறோம்” என்றார்.

அஞ்சி வந்த ஆசிரியருக்கு ரத்தப் புற்றுநோய் இல்லை. அஞ்சாமல் வந்த அம்மையாரை அன்றே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தப் பரிசோதனையின் எண்களை எவ்வாறு பார்க்க வேண்டும் என்பதை விளக்கவே இக்கட்டுரை.

லைட் செயின் என்பது என்ன?

நம் எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் என்னும் அணுக்கள் உள்ளன. கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதங்களை உருவாக்குவது இவற்றின் வேலை. ஒவ்வோர் எதிர்ப்புப் புரதமும் நான்கு சங்கிலிகள் இணைந்து உருவானது. அவற்றுள் இரண்டு நீளமான ‘ஹெவி செயின்’. இரண்டு குறுகிய ‘லைட் செயின்’. லைட் செயினில் கப்பா, லாம்டா என இரண்டு வகைகள் உண்டு. ஒரு பிளாஸ்மா செல் இவ்விரண்டில் ஒரு வகையை மட்டுமே உருவாக்கும்.

கயிற்றுக் கட்டில் பின்னுபவர் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே கயிறு எடுத்து வைத்துக்கொள்வார். அதுபோலப் பிளாஸ்மா செல்களும் லைட் செயின்களைச் சற்று மிகுதியாகவே உருவாக்குகின்றன. இணையாமல் எஞ்சியவை தனித்து ரத்தத்தில் கலக்கின்றன. நலமான உடலில் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிகிராம் இவ்வாறு வெளியாகிறது. சிறுநீரகங்கள் இவற்றைச் சில மணி நேரத்துக்குள் வடிகட்டி அகற்றிவிடுகின்றன. இப்படித் தனித்து உலவும் லைட் செயின்களை அளப்பதே ‘சீரம் ஃப்ரீ லைட் செயின்’ பரிசோதனை.

இப்புரதத்தை மருத்துவ உலகம் முதலில் கண்டது சிறுநீரில்தான். 1845-ஆம் ஆண்டு லண்டனில், தீராத எலும்பு வலியால் துன்புற்ற வணிகர் ஒருவரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் ஆய்வுக்கு வந்தது. மிதமாகச் சூடாக்கினால் திரண்டும், கொதிக்க வைத்தால் கரைந்தும் போன விந்தையான புரதம் ஒன்று அதில் இருந்தது. ‘பென்ஸ் ஜோன்ஸ் புரதம்’ என்று பெயர் பெற்ற அது உண்மையில் லைட் செயினே என்பது 1962-இல்தான் நிறுவப்பட்டது. ரத்தத்திலேயே அதை நுட்பமாக அளக்கும் முறை 2001-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து வந்தது.

அறிக்கையைப் படிக்கும் முறை

அறிக்கையில் மூன்று எண்கள் இருக்கும். பரவலாகப் பயன்படும் முறையில் அவற்றின் இயல்பான அளவுகள் வருமாறு:

கப்பா: லிட்டருக்கு 3.3 முதல் 19.4 மில்லிகிராம் வரை.
லாம்டா: லிட்டருக்கு 5.7 முதல் 26.3 மில்லிகிராம் வரை.
கப்பாவை லாம்டாவால் வகுத்த விகிதம்: 0.26 முதல் 1.65 வரை.

மூன்றிலும் மருத்துவர் முதலில் பார்ப்பது விகிதத்தை. காரணம் எளியது. உடலில் பல லட்சம் பிளாஸ்மா செல்கள் பல்வேறு கிருமிகளுக்கு எதிராக ஒரே சமயத்தில் வேலை செய்யும்போது, கப்பா உருவாக்குபவையும் லாம்டா உருவாக்குபவையும் சேர்ந்தே பெருகும். இரண்டு எண்களும் உயரும். விகிதம் பெரும்பாலும் குலையாது. மாறாக, ஒரே ஒரு செல் கட்டுமீறிப் பல்கிப் பெருகினால், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் ஒரே வகைச் சங்கிலியையே உருவாக்கும். அப்போது ஒரு பக்கம் மட்டும் உயர்ந்து விகிதம் சாய்ந்துவிடும்.

ஆசிரியரின் அறிக்கையில் 62-ஐ 48-ஆல் வகுத்தால் 1.29 வருகிறது. இது இயல்பான விகிதம். அம்மையாரின் அறிக்கையில் 8-ஐ 1,240-ஆல் வகுத்தால் 0.006. ‘ஒன்று சரியாக இருக்கிறது’ என்று மகள் எண்ணிய இடத்தில்தான் எங்கள் கவலை தொடங்கியது.

இரண்டும் கூடி, விகிதம் சரியாக இருந்தால்

இது நோயெதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டிருப்பதையோ, சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதையோ காட்டுகிறது. முக்கியமான காரணங்கள் இவை:

தொற்றுகள்: காசநோய், ஹெச்.ஐ.வி., நாட்பட்ட கல்லீரல் அழற்சி வைரஸ்கள், ஆறாத புண்கள், அண்மையில் வந்து போன கடுமையான காய்ச்சல்.

தன்னெதிர்ப்பு நோய்கள்: முடக்குவாதம், லூபஸ், கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோக்ரன் நோய்.

நாட்பட்ட கல்லீரல் நோய்.

சிறுநீரகச் செயல்திறன் குறைவு: காரணம் நீரிழிவோ, ரத்த அழுத்தமோ, வேறு எதுவாயினும்.

இவற்றில் எண்களைக் குறைப்பதற்கென்று தனி மருந்து கிடையாது. அடிப்படை நோய்க்குச் சிகிச்சை அளித்தால் எண்கள் தாமே இறங்கக்கூடும். காய்ச்சல் காலத்தில் எடுத்த பரிசோதனையாயின், உடல் தேறிய சில வாரங்களுக்குப் பின் மீண்டும் எடுத்துப் பார்ப்பதே முறை.

சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குத் தனி அளவுகோல்

இப்பரிசோதனை அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது சிறுநீரக நோயாளிகளிடம்தான். எனவே இதைச் சற்று விரிவாகக் காண்போம்.

உடல் இயல்பில் லாம்டாவைவிடக் கப்பாவையே ஏறத்தாழ இரு மடங்கு உருவாக்குகிறது. ஆனால் கப்பா உருவில் சிறியது. ஆகவே சிறுநீரகம் அதை 2 முதல் 4 மணி நேரத்தில் பாதியாகக் குறைத்துவிடும். லாம்டா பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைந்து உலவுவதால் அதற்கு 3 முதல் 6 மணி நேரம் ஆகிறது. அதனால்தான் நலமானவர் ரத்தத்தில் லாம்டா சற்று மிகுந்து காணப்படுகிறது. சிறுநீரகம் தளரும்போது கப்பாவுக்குக் கிடைத்த இந்த விரைவு வழி அடைபடுகிறது. இரண்டுமே தேங்குகின்றன, கப்பா கூடுதலாகத் தேங்குகிறது. விகிதமும் உயர்கிறது.

ஆகவே சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு விகிதத்தின் இயல்பான எல்லை 0.37 முதல் 3.1 வரை எனத் தளர்த்தப்பட்டுள்ளது. கப்பா 58, லாம்டா 26, விகிதம் 2.23 என்று ஓர் அறிக்கை இருப்பதாகக் கொள்வோம். பொது அளவுகோலில் அது பிறழ்வு. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அது எதிர்பார்க்கத்தக்க எண். ஆய்வகக் கணினி கிரியாட்டினின் அளவைப் பார்த்துவிட்டுக் குறியிடுவதில்லை. மருத்துவர் அதைப் பார்த்துத்தான் பொருள் கூற இயலும்.

நம் மாவட்டத்தில் நீரிழிவும் ரத்த அழுத்தமும் பரவலாக உள்ளன. வெயிலில் நீண்ட நேரம் வேலை செய்யும் விவசாயிகளிடையே காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் நன்கு அறியப்பட்டது. எனவே லைட் செயின் அறிக்கையைக் கொண்டுவரும்போது கிரியாட்டினின் அறிக்கையையும் சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கூடியிருந்தால்

இங்கும் உடனே புற்றுநோய் என்று முடிவு கட்டக் கூடாது. நான்கு வகைக் காரணங்களை மருத்துவர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பார்.

முதலாவது, எம்.ஜி.யு.எஸ். எனப்படும் நிலை. பிளாஸ்மா செல்களின் ஒரு சிறு கூட்டம் மஜ்ஜையில் பெருகியிருக்கும். உறுப்புகளுக்கு எந்தத் தீங்கும் நேர்ந்திருக்காது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2006-இல் வெளியான ஆய்வில், 50 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு மூவருக்கு இந்நிலை இருந்தது. இவர்களில் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் மைலோமா போன்ற நோய்க்கு மாறுகின்றனர். இதற்குச் சிகிச்சை தேவையில்லை. குறித்த காலத்தில் மறுபரிசோதனை தேவை. ‘ஒன்றும் இல்லை’ என்று எண்ணி மறுபரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுவதுதான் இதில் நேரும் பெரிய பிழை.

இரண்டாவது, மல்டிபிள் மைலோமா. பிளாஸ்மா செல்களின் புற்றுநோய் இது. முதுகு, விலா, இடுப்பு எலும்புகளில் ஓயாத வலி, ரத்தசோகை, கிரியாட்டினின் உயர்வு, ரத்தத்தில் கால்சியம் மிகுதி ஆகியவை இதன் நான்கு முக்கிய அறிகுறிகள். மைலோமா நோயாளிகளில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு முழு எதிர்ப்புப் புரதம் உருவாவதில்லை; லைட் செயின் மட்டுமே உருவாகிறது. இவர்களுக்குச் சாதாரண புரதப் பரிசோதனை இயல்பாகவே தோன்றக்கூடும். இப்பரிசோதனையே நோயைக் காட்டிக்கொடுக்கும். மஜ்ஜையில் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் இச்செல்கள் இருந்து, கூடிய சங்கிலி லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறையாமலும் மற்றதைப் போல் நூறு மடங்குக்குக் குறையாமலும் இருக்குமாயின், அறிகுறி தோன்றும் வரை காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று பன்னாட்டு வல்லுநர் குழு 2014-இல் வகுத்தது.

மூன்றாவது, ஏ.எல். அமைலாய்டோசிஸ். இதில் லைட் செயினின் அளவு மிக அதிகமாக இராது. ஆனால் அது மடிப்பு குலைந்து, இழையிழையாக இதயத்திலும் சிறுநீரகத்திலும் நரம்புகளிலும் படிகிறது. சிறுநீரில் நுரை, கால் வீக்கம், மூச்சிரைப்பு, நாக்குத் தடித்தல், கண்ணைச் சுற்றி ரத்தக்கட்டு, கைகால் மதமதப்பு ஆகியவை தோன்றும். கால் வீக்கத்துக்கு நீரிழிவையும் மூச்சிரைப்புக்கு முதுமையையும் காரணமாகச் சொல்லிக் காலம் கடந்துவிடுவது எளிது. எண் சிறிதாக இருந்தாலும் அறிகுறி பெரிதாக இருந்தால் மருத்துவர் விடாமல் தேடுவதற்குக் காரணம் இதுவே.

நான்காவது, பிற ரத்த நோய்கள். சில லிம்ஃபோமாக்கள், நாட்பட்ட லிம்ஃபாய்டு ரத்தப் புற்றுநோய், வால்டன்ஸ்ட்ராம் நோய், ஓரிடத்தில் மட்டும் தோன்றும் பிளாஸ்மா செல் கட்டி ஆகியவை இதில் அடங்கும்.

எண்கள் குறைந்திருந்தால்

இரண்டும் குறைந்திருப்பது நோயெதிர்ப்பு மண்டலம் அடங்கியிருப்பதைக் காட்டலாம். ஸ்டீராய்டு மருந்துகள், கீமோதெரபி, உறுப்பு மாற்றத்துக்குப் பின் தரப்படும் மருந்துகள், பிறவியிலேயே எதிர்ப்புப் புரதம் குறைவாக இருத்தல் ஆகியவை காரணங்களாகும். இவர்கள் அடிக்கடி நெஞ்சுச் சளியோ காய்ச்சலோ வந்தால் அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது மிகக் குறைந்திருப்பின், கட்டுமீறிய செல்கள் நல்ல செல்களின் இடத்தைப் பறித்துக்கொண்டதற்கு அது அடையாளமாகலாம்.

நோயால் அன்றி, ஆய்வக வேறுபாட்டால்

இப்பரிசோதனைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் கருவிகளும் வினைப்பொருள்களும் உள்ளன. ஒரே ரத்தத்தை இரு முறைகளில் சோதித்தால் எண்கள் வேறுபடலாம். எனவே தொடர் பரிசோதனைகளை ஒரே ஆய்வகத்தில் செய்துகொள்வது நல்லது.

அலகையும் கவனியுங்கள். சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கிலும், சில டெசிலிட்டர் கணக்கிலும் எழுதுகின்றன. லிட்டருக்கு 150 என்பதும் டெசிலிட்டருக்கு 15 என்பதும் ஒன்றே. அலகு மாறியதை அறியாமல், ‘நோய் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது’ என்று மகிழ்ந்து மருந்தை நிறுத்தினால் விளைவு கடுமையாகும்.

விகிதம் எல்லையை ஒரு நூலளவு கடந்திருந்தால், பெரும்பாலும் சில மாதங்கள் கழித்து மீண்டும் பார்ப்பதே போதும். ஓர் எண்ணைக் காட்டிலும் அது செல்லும் திசையே முக்கியம்.

அடுத்து என்ன பரிசோதனைகள்?

லைட் செயின் பரிசோதனை தனியாக எந்த நோயையும் உறுதி செய்வதில்லை. ரத்த அணுக்கள், கிரியாட்டினின், கால்சியம் ஆகியவற்றுடன், ‘சீரம் எலக்ட்ரோபோரெசிஸ்’, ‘இம்யூனோஃபிக்சேஷன்’ என்ற இரண்டு புரதப் பரிசோதனைகளும் சேர்ந்தால்தான் படம் தெளிவாகும். அமைலாய்டோசிஸ் என ஐயம் எழுந்தால் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துத் தருமாறு கேட்போம். வயிற்றுத் தோலடிக் கொழுப்பிலிருந்தோ பாதிக்கப்பட்ட உறுப்பிலிருந்தோ சிறு துணுக்கு எடுத்து, காங்கோ சிவப்பு என்னும் சாயம் ஏற்றிப் பார்ப்போம். எலும்புகளை ஆராய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம்.

எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் பலர் தயங்குகின்றனர். ‘முதுகுத் தண்டில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்’ என்ற அச்சமே இதற்குக் காரணம். இந்த ஊசி செலுத்தப்படுவது இடுப்பெலும்பின் பின்புறத்தில். தண்டுவடம் அங்கே இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்ட பின்னரே செய்யப்படும். சில நிமிடங்கள் அழுத்தமும் சிறிது வலியும் இருக்கும். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

மேல் சிகிச்சை தேவைப்பட்டால், நமக்கு அருகிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் உள்ளன. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எவையெவை அடங்கும் என்பதைக் குடும்ப அட்டை, ஆதார் அட்டையுடன் காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டறியுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

லைட் செயின் மிகுந்தவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சுமை தாங்கி நிற்கிறது. உடலில் நீர் குறைந்தாலோ, சில வலி மாத்திரைகள் சேர்ந்தாலோ, இப்புரதம் சிறுநீரகக் குழாய்களில் உறைந்து அடைத்துவிடும். ஆகவே டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சேர்க்கை தெரியாத சூரணம், பற்பம், செந்தூரம் எதை உட்கொண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் கடிந்துகொள்ள மாட்டார்கள். சி.டி. பரிசோதனைக்குச் சாய மருந்து செலுத்தும் முன், இந்த அறிக்கையைக் காட்டுங்கள்.

மருத்துவர் நீரைக் குறைக்கச் சொல்லியிராவிட்டால் போதிய நீர் அருந்துங்கள். பௌர்ணமி கிரிவலம் செல்லலாமா என்று பலர் கேட்கின்றனர். எலும்பு பாதிப்பு இல்லையென்று உறுதியானவர்கள், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, வெயில் தாழ்ந்தபின் நீருடன் செல்லலாம். எலும்பு வலுவிழந்தவர்களுக்கு 14 கிலோமீட்டர் நடை ஏற்றதன்று.

‘புரதம் கூடியிருக்கிறது’ என்று கேட்டதும் பருப்பையும் முட்டையையும் நிறுத்திவிடுவோர் உண்டு. இப்புரதம் உணவிலிருந்து வருவதன்று, மஜ்ஜையில் உருவாவது. பட்டினி கிடந்தாலும் அது குறையாது, உடல்தான் மெலியும். சிறுநீரக நோய்க்கெனத் தனி உணவுமுறை சொல்லப்பட்டிருந்தால் அதை மட்டும் பின்பற்றுங்கள்.

கால்களில் திடீர்த் தளர்ச்சி, சிறுநீர் பிரியாமை அல்லது அளவு குறைதல், அடங்காத தாகத்துடன் மலச்சிக்கலும் மனக்குழப்பமும், குளிர்காய்ச்சல், சிறு அசைவிலேயே எலும்பு முறிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

அந்த இரு குடும்பங்கள்

ஆசிரியருக்குக் கிரியாட்டினின் சற்று உயர்ந்திருந்தது. பிற புரதப் பரிசோதனைகள் இயல்பாக இருந்தன. நீரிழிவால் சிறுநீரகம் தளரத் தொடங்கியதன் அடையாளமே அந்த இரு எண்கள். அவருடைய சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இப்போது கட்டுக்குள் உள்ளன. மூன்று நாள் உறக்கம் இழந்த மகன், தந்தையின் அறிக்கைகளைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். எங்களுக்கு அது பேருதவி.

அம்மையாருக்கு லைட் செயின் மைலோமா இருப்பது மஜ்ஜைப் பரிசோதனையில் உறுதியானது. வலி மாத்திரையை நிறுத்தி, நீரேற்றி, தாமதமின்றிச் சிகிச்சையைத் தொடங்கியதால் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. லாம்டா 1,240-இலிருந்து மூன்று மாதத்தில் 90-க்கு இறங்கியது. சில மணி நேரமே ரத்தத்தில் தங்கும் புரதமாதலால், மருந்து வேலை செய்கிறதா என்பதையும் இதே பரிசோதனை விரைவாகக் காட்டிவிடுகிறது. இந்நோய் பலருக்கு முற்றிலும் அகலுவதில்லை, அடங்கியிருந்து மீளக்கூடியது. அதை அவரிடமும் மகளிடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம். அவ்வாண்டு அறுவடையை மகள் முன்னின்று முடித்தார். அம்மையார் வரப்பில் நாற்காலி போட்டு அமர்ந்து மேற்பார்வை செய்ததாகச் சொன்னார்.

உங்கள் கையில் இப்படியோர் அறிக்கை இருந்தால், தடித்த எழுத்தைப் பார்த்து நீங்களே தீர்ப்பெழுத வேண்டாம். மடித்துப் பெட்டியில் வைத்துவிடவும் வேண்டாம். பழைய அறிக்கைகள், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ‘விகிதம் என்ன, என் சிறுநீரகத்துக்கு ஏற்ற அளவு எது, அடுத்த பரிசோதனை எப்போது?’ என்ற மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். விடை சொல்வது எங்கள் கடமை.